பேச்சு வந்த வழி

ஐதராபாத் லாலாபேட்டையில் அந்தச் சந்துக்குள் ஷோபாவின் குரல் தெரியாத வீடு கிடையாது. பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா வேலை அவளுக்கு. காலையில் ஏறினால் மல்காஜ்கிரி, நேரேட்மெட் என்று வழியெல்லாம் பிள்ளைகளை வாரிப்போட்டுக்கொண்டு ஏ.எஸ்.ராவ் நகர் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்குவாள். சாயங்காலம் அதே பிள்ளைகளை அதே வாசல்களில் ஒப்படைப்பாள். ஒரு கை பஸ் கம்பியில், இன்னொரு கை யாராவது ஒரு பிள்ளையின் புத்தகப்பையில், வாய் மட்டும் ஓயாது. பிள்ளைகளின் தாய்மார்களோடு தெலுங்கு. டிரைவர் யாதகிரியோடும், குறுக்கே புகும் ஆட்டோக்காரர்களோடும் ஐதராபாத் உருது. வீட்டுக்கு வந்தால் தமிழ். அந்தத் தமிழிலும் வேண்டாம் என்பதற்கு நக்கோவும், ஆமாம் என்பதற்கு ஹவ்வும் விழுந்துகொண்டே இருக்கும்.

அவள் பிறந்ததே லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். அரக்கோணத்துப் பக்கமிருந்து தாத்தா காலத்தில் பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். புருஷன் இருதயராஜ் அப்படியில்லை. ஜோலார்பேட்டைக்காரன். ரயில்வே வேலை கிடைத்து, மீசை முழுசாக முளைத்த பிறகு இந்த ஊருக்கு வந்தவன். கோச் பட்டறையில் பிரேக் செக்‌ஷன். பழுது பார்க்க வரும் பெட்டிகளின் அடியில் புகுந்து, காற்றுக் குழாய்களைக் கழற்றி, மாட்டி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் புண்ணியத்தில் தெலுங்கு வந்துவிட்டது. உருது மட்டும் ஒட்டவேயில்லை. கடைத்தெருவில் யாராவது உருதில் கேட்டால் பெண்டாட்டியின் முகத்தைப் பார்ப்பான். அவள் பேசி முடித்துவிட்டு, "இன்னா மனுசன் நீங்க, இத்தினி வருசமா இந்த ஊரு சோத்தத் திங்கறீங்க" என்பாள்.

அவர்களுடைய ஒரே மகள் ஜெனிட்டா டிகிரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தமிழில் கேட்டால் புரியும். பதில் தெலுங்கில் வரும், கோபம் வந்தால் இங்கிலீஷில்.

ஏப்ரல் மாதம், வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்த ஒருநாள், மல்காஜ்கிரியில் ஏறிய சின்னப்பெண் ஒருத்தியின் பெயர் ஷோபாவின் வாயில் வரவில்லை. தினமும் கூப்பிடுகிற பெயர். பெயர் மட்டுமில்லை, எதுவுமே வரவில்லை. நாக்கு அசைகிறது, வாய் திறக்கிறது, சொல் இல்லை. யாதகிரி கண்ணாடியில் பார்த்து என்ன என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். நேரேட்மெட் வருவதற்குள் பேச்சு வந்துவிட்டது. வெயில்தான் என்று மோரைக் கரைத்துக் குடித்துவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. கோடை விடுமுறை முழுக்க இடது பொட்டில் வலி வந்து வந்து போனது. தைலம் தேய்த்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவை வந்தபோது பக்கத்தில் நஸ்ரின் இருந்தாள். அது அவர்கள் செய்த புண்ணியம் என்றுதான் இருதயராஜ் இன்றைக்கும் சொல்வான்.

நஸ்ரின் மாடியில் குடியிருந்தவள். ஊர் வாணியம்பாடி. உப்பலில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வாரத்தில் பாதி நாள் மெட்டுகூடாவில் மெட்ரோ பிடித்துப் போவாள், மீதி நாள் மாடியிலேயே காதில் ஹெட்போன் கருவியை மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பாள். கணவனுக்குத் தோல் கம்பெனி வேலை சென்னையில். மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போவான். ஜோலார்பேட்டைக்கு வாணியம்பாடி கூப்பிடு தூரம் என்பதால் வாடகைக்கு வீடு கேட்டு வந்த அன்றே இருதயராஜ் அவளை ஊர்ப்பெண் என்று சேர்த்துக்கொண்டான். அவளும் அண்ணே, அக்கா என்று ஒட்டிக்கொண்டாள்.

ஜூன் கடைசி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த துணியை எடுக்க இரண்டு பேரும் முற்றத்துக்கு ஓடினார்கள். நஸ்ரின் துணியை உருவிக்கொண்டே ஏதோ கேட்டாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் ஷோபா வாயைத் திறந்தபடி நிற்கிறாள். வலது கையிலிருந்த போர்வை நழுவிச் சேற்றில் விழுந்துவிட்டது. நஸ்ரின் தமிழில் கேட்டாள், உருதில் கேட்டாள், தோளைப் பிடித்து உலுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரல் எழும்பியது.

"ஒண்ணுமில்ல நஸ்ரினு. வெயிலு."

"மழையில நின்னுகினு வெயிலுன்றீங்களே அக்கா," என்றாள் நஸ்ரின்.

அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை. நனைந்த துணியோடு ஷோபாவை ஆட்டோவில் ஏற்றி நேரே ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். போகிற வழியில் இருதயராஜுக்கு போன். அவன் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்தபோது ஷோபா பெஞ்சில் உட்கார்ந்து, போர்வை பாழாய்ப் போனதைப் பற்றி நர்ஸிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் அங்கே இருந்த டாக்டர் அவளை வீட்டுக்கு விடவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். பார்த்தவுடன் ரயில்வேயே செலவை ஏற்று நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பி வைத்தது.

அங்கே மூளை அறுவை செய்யும் டாக்டர் வெங்கட், படத்தைத் திரையில் போட்டுத் தெலுங்கில் நிதானமாக விளக்கினார். மூளையின் இடது பக்கத்துக்குப் போகிற ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி ஊதியிருக்கிறது. பலருக்கு இது கடுகளவு, பட்டாணி அளவு இருக்கும். அப்படியிருந்தால் தொடை வழியாக மெல்லிய கம்பிச்சுருளைச் செலுத்தி அடைத்துவிடலாம், அல்லது அந்த உப்பலின் கழுத்தில் ஒரு கிளிப்பைப் போட்டு மூடிவிடலாம். ஷோபாவுக்கு இருப்பது எலுமிச்சம்பழம் அளவு. கிளிப் போட அதற்குக் கழுத்து என்று ஒன்றில்லை, குழாயே மொத்தமாக உப்பிக் கிடக்கிறது. போதாததற்கு அந்த உப்பலிலிருந்துதான் இரண்டு கிளைகள் புறப்படுகின்றன. உள்ளே ரத்தம் உறைந்து படிந்திருக்கிறது. அதிலிருந்து துணுக்குகள் பிய்ந்து அந்தக் கிளைகளில் போய் மாட்டும்போதெல்லாம் பேச்சு நின்று போகிறது. அந்தக் கிளைகள் போவது மூளையில் பேச்சு இருக்கிற இடத்துக்கு.

இருதயராஜுக்கு அது உடனே பிடிபட்டது. எங்களிடம் காற்று ஹோஸ் இப்படி உப்பினால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுவோம் சார் என்றான். டாக்டர் சிரித்தார். கிட்டத்தட்ட நானும் அதைத்தான் செய்யப்போகிறேன் என்றார். ஷோபாவின் முன்கையிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அவள் கழுத்திலுள்ள பெரிய குழாயிலிருந்து அந்தக் கிளைகளுக்குப் புதிதாக வழி போட்டுவிட்டு, பிறகு உப்பலை அடைக்க வேண்டும். ஒரே வித்தியாசம், உங்கள் பெட்டி ஷெட்டில் நிற்கும். எனக்கு வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், என்றார்.

ஷோபா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பேச்சு இருக்குமா என்று. டாக்டர் மறைக்கவில்லை. பேச்சு குறையலாம், சிலருக்குப் போயும் போகலாம், வலது கையும் பலவீனப்படலாம் என்றார். ஒன்றும் செய்யாமல் விட்டால் என்றைக்காவது வெடிக்கும், அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வர நேரம் இருக்காது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் ஷோபா வாயைத் திறக்கவில்லை. வந்ததும் அவள் முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு புளிச்சக்கீரை ஆயத் தொடங்கினாள். ஜெனிட்டா வாசற்படியில் உட்கார்ந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தூறல் விட்ட பாடில்லை.

"நீங்க இன்னா சொல்றீங்க?" என்றாள் ஷோபா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் இன்னா சொல்றது. உசுரு இருந்தா போதும்."

"உங்களுக்குப் போதும். வாயில்லாத பொண்டாட்டின்னா நிம்மதியாக்கூட இருப்பீங்க."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"எனக்குப் போதாதுங்க," என்றாள். "பேசாம இருந்து இன்னாத்துக்கு இருக்கறது. ஆனா இது தலைக்குள்ள கீதுன்னு தெரிஞ்சுகினு நான் பஸ்ல ஏற முடியாது. புள்ளைங்கள ரோட்ல எறக்கி விடறேன். பின்னால வண்டி வருது, ஓரம் போன்னு சொல்ற நேரத்துல எனக்கு வாய் நின்னுபோச்சுன்னா?" ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "பண்ணிக்கலாம். அந்த டாக்டரு பொய் சொல்லல. அது எனக்குப் புடிச்சிருக்கு."

அப்படித்தான் முடிவாயிற்று. அவள்தான் முடிவு செய்தாள்.

ரத்தம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை இருதயராஜ் பட்டறையில் எட்வினிடம் மட்டும்தான் சொன்னான். எட்வின் அவனோடு ஒரே பெஞ்சில் வேலை செய்பவன், யூனியன் ஆள். மறுநாள் ரத்த வங்கி வாசலில் பெயின்டிங் செக்‌ஷனும் வெல்டிங் செக்‌ஷனும் பாதி வந்து நின்றது. இருதயராஜோடு இடம் மாற்றல் விஷயத்தில் சண்டை போட்டு வருஷக்கணக்காகப் பேசாமலிருந்த ஒருவனும் வரிசையில் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நின்றிருந்தான். இருதயராஜ் அவன் முன்னால் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். ஊசி போடற கையை விடுப்பா என்றான் அவன்.

அறுவைக்கு முன்னால் ஒரு இளம் டாக்டர் வந்து ஷோபாவின் இடது மணிக்கட்டின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி, கையை மூடித் திறக்கச் சொன்னார். உள்ளங்கை சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனது. ஒரு பக்கத்து விரலை மட்டும் எடுத்ததும் மளமளவென்று சிவப்பு ஏறியது. ஒரு குழாயை எடுத்தாலும் இன்னொன்று இந்தக் கைக்குப் போதும் என்றார். ஷோபா அதிசயமாகத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாம எக்ஸ்ட்ரா ஒண்ணு வெச்சிருக்காரு பாருங்க ஆண்டவரு என்றாள். முடியை மழித்தபோதுதான் அழுதாள். அதுவும் கொஞ்ச நேரம்.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். அன்றைக்குப் பகல் முழுக்க இருதயராஜ் கீழ்த்தள நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு வெளியே மழை பெய்வதும் நிற்பதுமாக இருந்தது. நஸ்ரின் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு எலுமிச்சை சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவனுக்கு இறங்கவில்லை. ஜெனிட்டாவை நஸ்ரின் தன் தோளில் சாய்த்து, சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி அவளுக்கு ஊட்டினாள். கையில் ஜெபமாலை இருந்தும் எண்ணிக்கை தப்பித் தப்பிப் போய், கடைசியில் மணிகளை வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தான் இருதயராஜ்.

பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டர் வெங்கட் வந்தார். முகத்தில் முகமூடி பதிந்த தடம். புது வழியில் ரத்தம் ஓடுகிறது என்றார். கருவி வைத்துக் கேட்டேன், ஹுஷ் ஹுஷ் என்று நன்றாகச் சத்தம் வருகிறது, உப்பலை அடைத்தாயிற்று, இனி அவர் கண் விழிக்க வேண்டும் என்றார். இருதயராஜ் அவர் கைகளைப் பார்த்தான். நாள் முழுக்க உறைக்குள் இருந்த விரல்கள் துணி துவைத்தவள் விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தன. நன்றி சொல்ல வாயெடுத்தான். தெலுங்கும் வரவில்லை, தமிழும் வரவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினான். அவர் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஷோபா கண் விழித்தாள். சொன்னால் புரிந்தது. கண்ணை மூடு என்றால் மூடினாள், விரலைப் பிடி என்றால் பிடித்தாள். வலது கையில் கொஞ்சம் பலம் குறைந்திருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. நாட்கள் போயின. ஒருநாள் காலையில் கேரளத்து நர்ஸ் ஒருத்தி ஸ்பூனில் பால் கொடுக்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நக்கோ" என்றாள்.

நர்ஸுக்கு அது என்னவென்று புரியவில்லை. ஆனால் குரல் வந்துவிட்டதைப் புரிந்துகொண்டு எல்லோரையும் கூப்பிட்டாள். ஜெனிட்டா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். இருதயராஜ் மாடிப்படிப் பக்கம் போய், சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டு வந்தான்.

நக்கோ அவள் தமிழிலும் உள்ள சொல்தான் என்பதால் அவனுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. சொற்கள் கூடக் கூடத்தான் தெரிந்தது. தலை வலிக்குதா என்று அவன் கேட்டான். அவள் சிரமப்பட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"தர்த் நை. பியாஸ் லக்ரி."

இருதயராஜ் பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். கடைத்தெருவில் அப்படிப் பார்ப்பது பெண்டாட்டியை. இங்கே நின்றிருந்தது நஸ்ரின்.

"வலி இல்லியாம் அண்ணே. தாகமா கீதாம்," என்றாள் அவள்.

தெலுங்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. உருது வந்தது. தமிழில் ஒரு சொல்லும் இல்லை. அவன் தமிழில் பேசினால் கேட்டுக்கொள்கிறாள், பதில் சொல்ல உதட்டைக் குவிக்கிறாள், வருவது உருது. டாக்டரிடம் கேட்டான். இப்படி நடப்பதுண்டு, இரண்டு மூன்று மொழி பேசுகிறவர்களுக்கு ஒன்று முந்திக்கொண்டு வரும், மற்றது பின்னால் வரலாம், வராமலும் போகலாம், ஏன் என்று எனக்கும் தெரியாது என்றார் அவர். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த ஹர்ஷிதா என்ற பெண், எந்த மொழி வருகிறதோ அதில் பேச விடுங்கள், தமிழில் சொல்லு என்று கட்டாயப்படுத்தாதீர்கள், நீங்கள் மட்டும் வழக்கம்போலத் தமிழில் பேசிக்கொண்டிருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு இருதயராஜ் சமையலறைக்குள் நுழைந்தான். நீண்ட லீவு போட்டிருந்தான். ஷோபா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுவாள். ஒருநாள் ரசத்தை ஸ்பூனில் வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, "நமக் கம்" என்றாள். நமக் என்றால் உப்பு என்பது அவனுக்குத் தெரியும். கம் என்றால் குறை என்பதும் தெரியும். உப்பைக் குறைக்கச் சொல்கிறாள் என்று ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டான். உப்பு குறைவாக இருக்கிறது என்று சொன்னவள் அந்த ரசத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. தலைத் தழும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் கரண்டியோடு நின்று சிரித்தான்.

அதற்குப் பிறகுதான் அவன் உருது கற்றுக்கொள்ள முடிவு செய்தான். சாயங்காலங்களில் நஸ்ரின் வேலை முடிந்து மாடிப்படியில் டீயோடு உட்காரும்போது, இரண்டு படி கீழே இவன் உட்கார்ந்துகொள்வான். பசிக்கு இது, வலிக்கு இது என்று அவள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வான். எங்க வீட்டுக்குள்ள உருது, தெருவுல எறங்கினா தமிழ், ரெண்டும் எப்ப மாறுதுன்னே எனக்குத் தெரியாதுண்ணே என்று அவள் ஒருநாள் சொன்னாள். இருதயராஜ் தன் டீயை ஒரு வாய் குடித்தான்.

"எனக்கு வீட்டுக்கு ஒண்ணு தெருவுக்கு ஒண்ணுன்னு இல்லம்மா," என்றான். "ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணு தெலுங்குல பேசறா. சரி, அவ அம்மா என்னாண்ட தமிழ்ல பேசறாளேன்னு இருந்தேன். இப்ப வூட்ல நான் பேசறது எனக்கே தனியா கேக்குது." டீயைக் குடித்து முடித்தான். "ஆளு கெடச்சதே பெரிசு. அதுக்கு நன்றி சொல்லாம பேச்சும் வேணும்னு கேக்கறேன் பாரு. பேராசை."

"அதையும் கேளுங்கண்ணே," என்றாள் நஸ்ரின். "நன்றி சொல்லிகினே கேளுங்க."

இதை ஜெனிட்டா ஜன்னலோரத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையில் இருதயராஜ் கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மகள் குரல் வந்தது. "மம்மி, பால் சூடு இருக்குது. மெல்ல குடிக்கணும். நான் பிடிக்கிறது." தப்பும் தவறுமான தமிழ். அவளுக்கு அது எவ்வளவு கூச்சம் என்று அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்ததிலிருந்து விட்டுவிட்டவள். அவன் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். திருத்தவில்லை. அன்றிலிருந்து அவள் காய் நறுக்கும்போதும், அம்மாவின் கையைப் பிடித்து நடக்க வைக்கும்போதும் தமிழில் தொணதொணத்துக்கொண்டே இருந்தாள். ஷோபா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

செப்டம்பரில் மாதா கோயிலில் நன்றிப் பூசைக்குப் பணம் கட்டினான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை. யார் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று சாமியார் கேட்டதற்கு, சொல்லிக்கொண்டே போனான். டாக்டர் வெங்கட், நஸ்ரின், ஹர்ஷிதா, யாதகிரி, எட்வின், ரத்தம் கொடுத்தவர்கள் எல்லோரும், பால் கொடுத்த கேரளத்து நர்ஸ், அந்தப் பெண் பேரு தெரியாது சாமி. சாமியார் எதையும் விடாமல் வாசித்தார். நஸ்ரின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தன் பெயர் வந்தபோது குனிந்துகொண்டாள். எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொன்னபோது இருதயராஜின் பக்கத்தில் ஒரு குரல் கூடவே சன்னமாக ஓடியது. ஷோபா. சொல் பிசகாமல், தமிழில். அவன் ஜெபத்தை நிறுத்திவிட்டான்.

வெளியே வந்து ஆசையாகப் பேச்சுக் கொடுத்தான். வந்தது உருதுதான். ஹர்ஷிதாவிடம் சொன்னபோது, ஜெபமும் பாட்டும் வேறு இடத்தில் இருப்பவை, மனப்பாடமாக வருபவை, அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம் என்றாள். ஆனால் நல்ல அறிகுறிதான் என்றும் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை அவன் இறுகப் பிடித்துக்கொண்டான்.

மழை ஓய்ந்து, காலை நேரக் காற்றில் லேசாகக் குளிர் தட்டத் தொடங்கியது. லீவு முடிந்து இருதயராஜ் பட்டறைக்குப் போக ஆரம்பித்தான். ஷோபா இப்போது இடது கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு சப்பாத்தி திரட்டினாள். சந்தின் முனைவரை தனியாகப் போய்க் கொத்தமல்லி வாங்கி வந்தாள். விலை அநியாயம் என்று கடைக்காரனிடம் உருதில் சண்டையும் போட்டாள். இருதயராஜின் உருதும் ஒரு மாதிரியாக நடக்கப் பழகியிருந்தது. வீட்டில் அவளோடு பாதி தமிழ், பாதி உருது என்று பேசுவான். அவள் சில சமயம் முகத்தைச் சுளிப்பாள், சில சமயம் விட்டுவிடுவாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கிளம்புகிற அவசரத்தில் மாத்திரை ஞாபகம் வந்தது. உருதில் மாத்திரைக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் ஒரே சொல்தான், கோலி. சாப்பிட்டாயா என்பதற்கு நஸ்ரின் சொல்லிக்கொடுத்தது வேறு சொல். இவன் வாயில் வந்தது சுட்டாயா என்பது.

"கோலி மாரே க்யா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டான்.

ஷோபா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கோலி மார்றதுக்கு நான் இன்னா போலீஸா? மாத்திரை சாப்ட்டியான்னு தமிழ்லயே கேளுங்க. உங்க உருதக் கேக்க சகிக்கல."

சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். தமிழில் பேசினோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. இருதயராஜ் பையோடு வாசலில் நின்றான். ஏதாவது கேட்டால் கலைந்துவிடுமோ என்று பயம். சத்தம் போடாமல் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படி ஏறினான். நஸ்ரின் கம்ப்யூட்டர் முன்னால் யாரோடோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். இவன் கதவில் நின்ற நிலையைப் பார்த்ததும் காதிலிருந்த கருவியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அக்காவுக்கு இன்னா என்று பதறி எழுந்தாள். கீழே வா என்று கையைக் காட்டினான்.

இரண்டு பேரும் சமையலறை வாசலில் போய் நின்றார்கள். நஸ்ரின் உருதில், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஏன் இப்படி மூச்சிரைக்க ஓடிவருகிறாய் என்று ஷோபா உருதிலேயே பதில் சொன்னாள். அப்படியே முகத்தைப் புருஷன் பக்கம் திருப்பினாள்.

"நீங்க இன்னா இன்னும் ஷிப்டுக்குப் போகல? இந்தப் பொண்ண வேற வேலையக் கெடுத்து இட்டுகினு வந்து நிக்கறீங்க. இன்னா ஆச்சு உங்களுக்கு?"

நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சுச் சத்தத்தில் எழுந்து வந்த ஜெனிட்டா, பல் துலக்கும் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டாள். ஷோபா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்கு எல்லோரும் அழுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

இருதயராஜ் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தான். சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஒண்ணும் ஆவல," என்றான். "நீ பேசிகினே இரு."